தெரியும் என்று சொன்னவள்

மழை பிடித்துக்கொண்டால் அந்தச் சலவைக்கூடத்துக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஓட்டல்காரர்களுக்கு மழையாவது வெயிலாவது, விடிந்ததும் படுக்கை விரிப்பு வந்து சேர வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது. வெளியே கொடி கட்டிய முற்றம் குளமாகக் கிடக்க, உள்ளே உலர்த்தும் எந்திரங்கள் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன. நீராவியும் சோப்பு நெடியும் வெளுப்புத் தூளின் காரமும் சேர்ந்து கண்ணைக் கரிக்கும். கரிக்கிற கண்ணைத் துடைக்க ஒரு கையாவது சும்மா இருந்தால்தானே!

துணியைத் தேய்த்துத் தள்ளும் சூட்டு உருளையிலிருந்து வரும் விரிப்புகளை மடிக்கிற வேலை அக்காவுக்கும் தங்கைக்கும். பெரியவள், சின்னவள் என்றுதான் கூடத்தில் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அதே பேர்தான். மடிக்கிற வேலை பார்க்க எளிது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. இழுத்து உதறிவிட்டு எதிரும் புதிருமாக நடந்து வந்து, கையிலிருக்கும் மூலைகளை ஒருத்தி மற்றவளிடம் கொடுத்து, குனிந்து தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், மறுபடி வர வேண்டும். எந்திர இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் காதில் விழாது. முகத்துக்கு முகம் வருகிற அந்த ஒரு நொடியில்தான் பேச்செல்லாம். புருஷன் குடித்துவிட்டு வந்தது, மாமியார் முறைத்தது, எவள் எவனோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள் என்பது, எல்லாமே அங்கே இப்படித் துண்டு துண்டாகத்தான் கைமாறும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே சின்னவளின் கை சரியில்லை. மூலை நழுவியது. மடிப்பு கோணியது.

"என்னடி, தூங்கிக்கிட்டே வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே மூலையை வாங்கினாள் பெரியவள்.

சின்னவள் பின்னால் போனாள். அடுத்த முறை நெருங்கியபோது, "அக்கா, எனக்குத் தள்ளிப்போயிடுச்சு" என்றாள்.

பெரியவள் பின்னால் நகர்ந்தாள். கை தன்பாட்டில் உதறியது. மறுபடி நெருங்கினாள்.

"மழையில ஊறிக்கிட்டு வேலை பார்த்தா அப்படித்தான் ஆகும். அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கே?"

பின்னால் போனார்கள். முன்னால் வந்தார்கள்.

"டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன். ரெண்டு கோடு வந்துருக்கு."

விரிப்பு பொத்தென்று ஈரத் தரையில் விழுந்தது. "யம்மா தாயே! வெளுத்ததைத் தரையில போட்டுத் துவைக்கிறீங்களா?" என்று அந்தக் கோடியிலிருந்து மேஸ்திரியம்மா சத்தம் போட்டாள். பெரியவள் குனிந்து விரிப்பைச் சுருட்டி அழுக்குக் கூடையில் எறிந்துவிட்டு, அடுத்த விரிப்பை எடுத்தாள். அவள் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. கோபம் வந்தது நல்லதாகப் போயிற்று, பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க.

"மாத்திரை போட்டியா, இல்லையா?"

"போட்டேன்க்கா. நீ சொன்ன மாதிரியேதான் போட்டேன்."

"சொன்ன மாதிரி போட்டா எப்படிடீ இப்படி ஆகும்?"

"ஒரு தடவை மட்டும்... அங்க போய்த்தான் ஞாபகம் வந்துச்சு. தண்ணி இல்ல. டீயில முழுங்கிட்டேன்."

"டீயிலயா?" பெரியவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "கொதிக்கிற டீயில போட்டா மருந்து எங்கடி நிக்கும்? ஒரு மாத்திரையை ஒழுங்கா முழுங்கத் துப்பில்ல, உனக்கு ஆம்பளை சகவாசம் வேற."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாக்கா. என் தப்புதான்" என்று சொன்னதை அந்த இரைச்சலிலும் பெரியவளால் கேட்க முடிந்தது.

அந்த மாத்திரையின் கதையை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பெரியவளுக்கு வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா போனதிலிருந்து வீடு அவள் தோளில். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தங்கையைக் காட்டித் தட்டிக்கழித்தாள். ஆனால் அவளுக்கென்று ஓர் ஆள் இல்லாமல் இல்லை. ஓட்டலில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். விரிப்பு மூட்டையோடு லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு நாளில் வந்து கதவைத் திறந்துவிட்டவர், அப்படியே உள்ளே வந்துவிட்டார் என்று சின்னவள் கேலி செய்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவள் 'ஓவர்டைம்' போவது அவருடைய அறைக்குத்தான். சின்னவளுக்கு இது தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. லிஃப்ட்காரருக்குக் குழந்தைகள் என்றால் உயிர். லிஃப்டில் ஏறுகிற வாண்டுகளையெல்லாம் தூக்கிப்பிடித்து பட்டனை அமுக்கவிட்டு வேடிக்கை பார்ப்பார். "நமக்கு ரெண்டு போதும், என்ன சொல்றே?" என்பார். "முதல்ல தங்கச்சிக்கு ஒரு வழி பண்ணிடறேன்" என்பாள் இவள். அவரும் பொறுமையாக இருந்தார், வருஷக்கணக்காக.

மேஸ்திரியம்மா வீடு நிறையப் பிள்ளை பெற்றவள். கிளினிக்கில் அவளுக்கு மாதாமாதம் கருத்தடை மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வயது போய், அது தேவையில்லை என்று ஆன பிறகும் வாங்குவதை அவள் நிறுத்தவில்லை. பெரியவளின் ஓவர்டைம் என்னவென்று அவளுக்குத் தெரியாதா என்ன! ஒரு நாள் அட்டை ஒன்றைத் துணிக்குள் வைத்துக் கையில் திணித்து, "வெச்சுக்கோ. எப்படிப் போடணும்னு உனக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டாள்.

பெரியவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் நின்று கேட்க வேண்டும். எத்தனை நாளைக்கு, எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று அந்த நீராவிக் கூடத்தில் நின்று கேட்க வேண்டும். கல்யாணமாகாத ஒரு பெண் அதையெல்லாம் கேட்பதா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வந்த வெட்கத்தில், "ஓ, தெரியுமே" என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எப்போதோ பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டது. ஒரே ஒரு மாத்திரை போட்டால் போதும், ஒன்றும் ஆகாது என்று ஒருத்தி அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியும் ஒரு மாத்திரை உண்டு, ஆனால் அது வேறு. அது பெரியவளுக்கு யார் சொல்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை கிளம்புமுன் ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமும் ஆகவில்லை. வருஷம் போய் வருஷம் வந்தது, ஒரு தடவைகூடத் தள்ளிப்போகவில்லை. சொந்த அனுபவத்தைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மாதத்துக்கு ஓர் அட்டை வந்தது. இவளுக்கு வேண்டியதோ ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. மிச்சத்தைத் துணி வெட்டும் கத்திரியால் ஒற்றை ஒற்றையாக நறுக்கி, துவைக்கும்போது உதிர்கிற பொத்தான்களைப் போட்டு வைக்கும் டப்பாவில் போட்டு வைத்தாள். கூடத்தில் அவளைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். கல்யாணம் ஆகாதவர்கள், ஆகி அறுந்தவர்கள். மருந்துக்கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர் கழுத்தைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், அப்புறம் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தவர்கள் பெரியவளிடம் வந்தார்கள். "அக்கா, ஒரு பொத்தான் குடு" என்று கேட்பார்கள். "போற அன்னிக்கு ஒண்ணு. வெறும் தண்ணியில போடு" என்று சொல்லிக் கொடுப்பாள். டாக்டரம்மா என்று அவளுக்கு ஒரு பட்டமும் விழுந்தது. மேலுக்கு முறைப்பாள், உள்ளுக்குள் அவளுக்கு அது பிடித்திருந்தது. தங்கை ரொட்டிக்கடைக்காரனோடு பழகுகிறாள் என்று தெரிந்த அன்றைக்கும் கத்தவில்லை. "ஊர் மேயறதுன்னு ஆயிட்டா புத்தியோட மேயணும்" என்று சொல்லி ஒரு பொத்தானைக் கையில் வைத்தாள். என்னைப் போல் ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று அன்றைக்கு அவளுக்கு நினைப்பு.

போன வருஷம் சுருட்டை என்கிற பெண் இதே மாதிரி மாட்டிக்கொண்டாள். அடித்து, அழுது, கடைசியில் அவளைவிட மிக மூத்த ஒருவருக்கு அவசரமாகக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "அக்கா, நான் போட்டேன்க்கா, சத்தியமா போட்டேன்" என்று அவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போட்டிருந்தா ஏன்டி ஆகுது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள் பெரியவள். கூடமும் அதையேதான் சொல்லிச் சிரித்தது.

டீ நேரத்தில் பெரியவள் மேஸ்திரியம்மாவைத் தேடிக்கொண்டு போனாள். கொதிகலனுக்குப் பின்னால், காயாத துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து மேஸ்திரியம்மா ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"மேஸ்திரியம்மா, அந்த மாத்திரையை டீயில போட்டா வேலை செய்யாதுதானே?"

"எந்த மாத்திரை? ஓ, அதுவா! டீயில போட்டா என்ன, பால்ல போட்டா என்ன? தினமும் ஒரே நேரத்துல போட்டாச் சரி."

பெரியவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "தினமுமா?"

"பின்னே? வருஷக்கணக்கா முழுங்கினவ சொல்றேன். ரெண்டு நாள் மறந்தாலே அந்த நர்ஸு பேயாட்டம் ஆடுவா. வேணும்கிற அன்னிக்கு ஒண்ணு போட்டுக்கலாம்னு நெனச்சவளுக எல்லாம் வயித்தைத் தள்ளிக்கிட்டு வருவாளுக." மேஸ்திரியம்மா வாயைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "ஏன்டி, நீ எப்படிப் போடறே?"

"தினமும்தான்" என்றாள் பெரியவள்.

"அதானே பார்த்தேன். உனக்குன்னுதானே மாசாமாசம் முழு அட்டை எடுத்து வெக்கிறேன். வேற எவளுக்காவது தூக்கிக் குடுக்கறியா?"

"இல்லியே. நான் ஏன் குடுக்கப் போறேன்?"

ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய். அது தங்குதடையில்லாமல் வந்ததுதான் அவளுக்கே ஆச்சரியம். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கையை நினைத்துத்தான் போனாள், ஆனால் கண்முன்னால் வந்து நின்றது சுருட்டை. பொத்தான் டப்பாவைத் திறந்து, இருந்த மாத்திரைகளை அள்ளித் தண்ணீரில் விட்டாள். அப்போதாவது வெளியே வந்து, 'இது இப்படி இல்லையாம்டீ, நான் தப்பாச் சொல்லிட்டேன்' என்று அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாயங்காலம் ஒருத்தி வந்து பொத்தான் கேட்டபோது, "வரலைடீ. கொஞ்ச நாளைக்கு எங்கயும் போகாதீங்க" என்று சொன்னாள், அவ்வளவுதான்.

அவர்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல் இடமும். அறை முழுக்கக் காகிதம். அம்மாவுக்கு முட்டி வலி, வெளி வேலைக்குப் போக முடியாது. கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுக்கிறாள். மழைக்கு ஒட்டின பை காயாமல், பாயிலும் கட்டிலிலும் ஜன்னல் கட்டையிலும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கால் வைக்க இடம் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

சின்னவள் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் உருளைக்கிழங்கை உரிக்க உட்கார்ந்தாள். அம்மாவுக்குக் கேட்காமல் சின்னவள் மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, உனக்கு என்மேல கோவம் இருக்கும். நீ எவ்வளவு பாடுபட்டு எனக்குக் கொண்டாந்து குடுத்தே! நான்தான் சொதப்பிட்டேன். எனக்கு எதையுமே ஒழுங்கா பண்ணத் தெரியலக்கா."

'இல்லடி, நான்தான்.' இரண்டே வார்த்தை. பெரியவள் வாயைத் திறந்தாள். "கஞ்சி கையில கொட்டிடப்போகுது, பார்த்து" என்றுதான் வந்தது.

தங்கை தன்னை நம்புகிறாள். இந்த உலகத்தில் தன்னை அப்படி அண்ணாந்து பார்க்கிற ஒரே ஜீவன் அவள்தான். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அதுதான் உண்மை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிழங்கை உரித்தாள். உரிக்க வேண்டியதற்கு மேலும் உரித்துக் கிழங்கில் பாதி தோலோடு போயிற்று.

சோற்றின் ஆவி முகத்தில் அடித்ததும் சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அம்மா பசைக் கையோடு சுவரைப் பிடித்து எழுந்து நின்றிருந்தாள்.

"எத்தனை நாளாடீ?"

சின்னவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டைப் பெத்தவ நான். என்கிட்டயே மறைக்கிறியா? யாருடீ அவன்?"

"ரொட்டிக்கடையில இருக்கானேம்மா, அவன்."

"அவனா? மூஞ்சியெல்லாம் மாவோட நிப்பானே, அவனா? நாளைக்கே வரச்சொல்லு. கட்டிக்கிறானா இல்லையான்னு நான் கேக்கறேன்."

"அவன் கட்டிக்கிறேன்னுதான் சொல்றான். எனக்குத்தான் வேண்டாம்."

அம்மா பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் சின்னவளைப் பார்த்தாள்.

"நல்லவன்தாம்மா. அவனோட இருந்தா எனக்குச் சிரிப்பு வருது. கூட இருக்கப் பிடிக்குது. அதுக்காக ஆயுசு பூரா அவனுக்குச் சோறாக்கிப் போடணும்னு எனக்குத் தோணல. எந்திரம் ரிப்பேர் பண்ற டிரெய்னிங்குக்குப் பேர் குடுத்துருக்கேன். அதுக்குப் போகணும். குழந்தையும் இப்போ வேண்டாம். கிளினிக்குல போய்க் கேக்கப் போறேன்."

"கூட இருக்கப் பிடிக்குதாம்! வெக்கமில்லாம அதைப் பெத்தவகிட்டயே சொல்றா பாரு!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், நெற்றியெல்லாம் பசை. "அதோ உக்காந்திருக்காளே உங்கக்கா, அவளும் பொண்ணுதானே? உனக்காகத்தானே இப்படி நிக்கிறா? ஒரு ஆம்பளையை நிமிர்ந்து பார்த்திருப்பாளா? ஞாயித்துக்கிழமைகூட ஓய்வில்லாம ஓடறாளே, ஓவர்டைம் ஓவர்டைம்னு, அவ காலைக் கழுவிக் குடிச்சாலும் உனக்குப் புத்தி வராதுடீ!"

கிழங்கும் கத்தியுமாகப் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். இப்போது சின்னவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'அந்த ஓவர்டைம் என்னன்னு கேளும்மா.' அதைச் சொல்லேன்டீ, சொல்லித் தொலையேன் என்று தங்கையைப் பார்த்தாள். சொன்னால் தேவலை என்றுகூட இருந்தது. சின்னவள் சொல்லவில்லை. திட்டையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு, மிதிபட்டிருந்த காகிதப் பைகளை எடுத்து ஒவ்வொன்றாக நீவி அடுக்கினாள். அன்றைக்கு அந்த வீட்டில் சோறு அப்படியே ஆறியது.

கிளினிக்கில் வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறை வந்தது. அக்காவும் தங்கையும் உள்ளே போனார்கள்.

நர்ஸம்மாவுக்கு நரைத்த தலை, சளி பிடித்த குரல். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சரி" என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். இவ்வளவுதானா என்று இருந்தது பெரியவளுக்கு. இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதானே இத்தனை வருஷம் இந்தப் படி ஏறாமல் இருந்தாள்!

"பாதுகாப்புக்கு ஏதாவது பண்ணினியாம்மா?"

"மாத்திரை போட்டேன். அவனைப் பார்க்கப் போற அன்னிக்கு ஒண்ணு."

நர்ஸம்மா பேனாவை வைத்துவிட்டு மாத்திரை எப்படி இருந்தது என்று கேட்டாள். சின்னவள் நிறத்தையும் அளவையும் சொன்னாள். "அய்யோ, அது தினமும் போடறதும்மா. போற அன்னிக்கு மட்டும் ஒண்ணு போட்டா, போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான். அவசரத்துக்குப் போடறது வேற மாத்திரை. யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

சின்னவள் அக்கா பக்கம் திரும்பவேயில்லை. "யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்" என்றாள்.

இவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது! பெரியவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தெரிந்துகொண்டேதான் அடுப்படியில் நின்று மன்னிப்புக் கேட்டாளா? இல்லை, இந்த நிமிஷத்தில்தான் புரிந்து, புரிந்த கையோடு அக்காவை மறைத்து நிற்கிறாளா? எப்படியிருந்தாலும் சின்னப்பெண் முன்னால் நிற்கிறாள், நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றாள் பெரியவள். "மாத்திரை குடுத்ததும் நான்தான். அவ நான் சொன்னதைத்தான் செஞ்சா. அவமேல ஒரு தப்பும் இல்ல. தப்புன்னு எனக்கு முந்தியே தெரிஞ்சுது, தெரிஞ்சும் அவகிட்ட சொல்லல."

"அக்கா, விடுக்கா."

"நீ சும்மா இரு. இவளுக்கு மட்டும் இல்ல நர்ஸம்மா, எங்க கூடத்துல இன்னும் சில பேருக்குக் குடுத்துருக்கேன். ஒரு பொண்ணு வாழ்க்கையே போச்சு. அவளைத் திட்டினவளும் நான்தான்."

நர்ஸம்மா திட்டுவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அத்தனை பேரையும் இங்க கூட்டிட்டு வா. மாத்திரை வேணும்னாலும் சரி, வேற எது வேணும்னாலும் சரி, யாரும் இங்க யாரையும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றாள். அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, "நீயும் அப்படித்தான் போட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா. வாரத்துக்கு ஒண்ணு."

"ரொம்ப நாளாவா?"

"வருஷக்கணக்கா."

"வேற எதுவும் பண்ணல? அவரும் ஒண்ணும் பண்ணல?"

"இல்ல. இதுவே கேக்குதேன்னு..." என்று ஆரம்பித்த பெரியவள் பாதியில் நின்றாள்.

நர்ஸம்மா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "நான் ஒண்ணும் முடிவாச் சொல்லலம்மா. குறைன்னா அது உனக்கும் இருக்கலாம், அவருக்கும் இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனா இத்தனை வருஷம் எந்தத் தடுப்பும் இல்லாமத்தான் இருந்துருக்கீங்க. ரெண்டு பேரும் வந்து ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்த்துடுங்க."

'நமக்கு ரெண்டு போதும், என்ன சொல்றே?' என்கிற லிஃப்ட்காரரின் குரல் பெரியவளின் காதுக்குள் கேட்டது. ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று வாரா வாரம் எதைக் கொண்டாடினோம் என்று இப்போது புரிந்தது. அழுகை வரவில்லை. கை மட்டும் மடியில் விரிப்பு மடிப்பதைப் போல முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது.

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கம் நெருங்கி வந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அக்கா... உனக்கு வேணும்னா நான் இதை..."

"வாயை மூடு!"

"இல்லக்கா, கேளு. டிரெய்னிங் அடுத்த வருஷம்கூடப் போகலாம். நான் பெத்து உன்கிட்ட..."

பெரியவள் அவள் வாயைக் கையால் பொத்தினாள். அந்த நிமிஷம் இருக்கிறதே, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பொத்தின கையை எடுத்துவிட்டு, 'சரிடீ, பெத்துக் குடு' என்று சொல்லிவிட அவளுக்கு உள்ளே ஒவ்வோர் அணுவும் துடித்தது. சொன்னால் சின்னவள் செய்துவிடுவாள். மாத்திரையை முழுங்கச் சொன்னதும் முழுங்கினாளே, அதேபோல இதையும் மறுபேச்சில்லாமல் செய்துவிடுவாள். அதை நினைத்ததும்தான் பெரியவளுக்குப் பயம் வந்தது.

எழுந்து நின்றாள். "நர்ஸம்மா, வேண்டாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் இவ வீட்டுலேருந்தே கிளம்பினா. இப்போ என்னைப் பார்த்துத் தடுமாறுறா. நான் வெளியில இருக்கேன். நீங்க இவகிட்ட தனியாக் கேளுங்க. இவ என்ன சொல்றாளோ அதுதான்."

வெளியே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேசுவது கேட்டது, என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. 'வேண்டாம்னு சொல்லிடாதேடீ' என்று அவளுக்குள்ளே ஒருத்தி கெஞ்சிக்கொண்டேயிருந்தாள். அவளை அதட்டவும் முடியவில்லை, அனுப்பவும் முடியவில்லை. இவ்வளவு செய்ததற்குப் பிறகும் இப்படி ஓர் ஆசையா என்று தன்னையே திட்டிக்கொண்டு, பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் கதவைத் திறந்துகொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்க்கா. இன்னிக்கே கலைக்கற மாத்திரை குடுத்து ஆரம்பிச்சுடலாமாம். கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாங்க."

"சரி" என்றாள் பெரியவள்.

"உன்மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லக்கா."

"கோவப்படுடீ." அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அப்போதுதான் உடைந்து, பெரியவள் பெஞ்சிலிருந்த பெண்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். "கொஞ்சமாவது கோவப்படு. நாலு வார்த்தை திட்டு. நான் பண்ணினதுக்கு ஒரு அறையாவது குடு."

சின்னவள் யோசித்தாள். அக்கா கேட்டது நியாயம்தான் என்று பட்டது போலும்.

"நாளைக்குப் படறேன்" என்றாள். "கண்டிப்பாப் படுவேன். இப்போ எனக்குப் பயமா இருக்கு, கையைப் பிடிச்சுக்கோ."